சமையற்கருவி செய்யப் புறப்பட்டிருக்கும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் சென்னையைச் சூழ்ந்த புறநகர்களிலும், கல்லூரியை விட்டு வெளிவந்த கையோடு, பிறரிடம் ஊழியம் பார்ப்பதைவிடச் சொந்தமாக ஒரு பொருளைச் செய்து விற்பதே தக்கது என்று துணிந்து, வாடகைக் கொட்டகைகளிலும் கல்லூரிகள் ஒதுக்கிக் கொடுத்த அறைகளிலும் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு, அதிலும் குறிப்பாக வீட்டுச் சமையலறைக்குப் புதிய கருவி ஒன்றைப் படைத்தே தீருவது என்ற சங்கற்பத்தோடு இருப்பவர்களுக்கு, இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் துணிவை மதிக்கிறேன். உங்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், நீங்கள் செய்த பொருள் நன்றாக இயங்குகிறது என்பது ஒன்று. அதை ஒரு குடும்பம் காசு கொடுத்து வாங்கி, ஒரு வருஷம் கழிந்த பின்னும் பரணில் ஏற்றிவிடாமல் தினந்தோறும் உபயோகிக்கிறது என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் வழியைப் பற்றி என் மனத்தில் நெடுநாளாக இருப்பதை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

கல்லூரிகளில் நடக்கும் கண்காட்சிகளுக்குப் போய் உங்கள் மாதிரிகளை ஆவலோடு பார்த்து வருகிறவன் நான். தோசை வார்க்கும் இயந்திரம், காய் நறுக்கும் இயந்திரம், கைப்பேசியில் கட்டளையிட்டால் சாம்பாரைக் கிளறிக் கொடுக்கும் பாத்திரம் என்று ஒவ்வொன்றிலும் புத்தி நுட்பம் தெரிகிறது. ஆயினும், இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று விசாரித்தால், மலிவாகக் கிடைத்த ஒரு மோட்டாரிலிருந்தோ, புதிதாக வந்த ஓர் உணர்கருவியிலிருந்தோ, படித்த ஒரு மென்பொருளிலிருந்தோ தோன்றியதாகவே பெரும்பாலும் விடை வருகிறது. இன்னாருடைய இன்ன சிரமத்தைப் பார்த்தேன், பொறுக்கமுடியவில்லை, அதனால் செய்தேன் என்ற விடை வெகு அபூர்வமாகவே வருகிறது. பரிசு கொடுக்கும் நடுவர்களும் யுக்தியைப் பார்க்கிறார்கள், தோற்றத்தைப் பார்க்கிறார்கள், நீங்கள் பேசும் சாதுரியத்தைப் பார்க்கிறார்கள். அந்தக் கருவியை நாள்தோறும் கையாள வேண்டிய பெண்மணி அந்த மண்டபத்திலேயே இல்லை. இந்தக் குறை என்னை உண்மையாகவே வருத்துகிறது. ஏனெனில் உங்கள் பிரயத்தனத்தில் பெரும்பகுதி வீணாகப் போவதற்கு இதுவே காரணம் என்று நான் திடமாக நம்புகிறேன்.

நான் கருதுவதை உபதேசமாகச் சொல்வதைக் காட்டிலும், நடந்த ஒரு சரித்திரத்தின் மூலமாகச் சொல்வதே உங்களுக்குப் பிரயோஜனப்படும். அது மின்சாரத்தால் சோறு சமைக்கும் குக்கரின் சரித்திரம். ஜப்பானிலே நடந்தது, ஆனாலும் சோறு உண்ணும் எந்த நாட்டாருக்கும் அதன் ஒவ்வொரு சம்பவமும் எளிதில் விளங்கும்.

1945-ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபோது டோக்கியோ நகரத்தின் பெரும்பகுதி எரிந்து கிடந்தது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், நிஹோன்பாஷி என்னும் பகுதியில் ஒரு பெரிய அங்காடியின் கட்டடத்தில் இடம் பிடித்து, மசாரு இபுகா என்ற பொறியாளர் சில தோழர்களோடு ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். ஆயுதத் தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டமையால் மின்சாரம் தேவைக்கு மேல் கிடைத்தது. ஆகவே மின்சாரத்தைக் கொண்டு மக்களுக்கு உதவும் பொருள் எதையாவது செய்யலாம் என்று யோசித்து, சோறாக்கும் கருவி ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். சோறு எடுத்து வைக்கும் மரத்தொட்டியின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பொருத்தி, அவற்றுக்கு மின்சாரம் கொடுப்பது. நீரில் நனைந்த அரிசியின் ஊடாக மின்சாரம் பாயும்போது உண்டாகும் சூட்டினால் அரிசி வேகும். வெந்து நீர் வற்றியதும் மின்சாரம் பாய வழியின்றித் தானே நின்றுவிடும். இதுதான் ஏற்பாடு. தத்துவத்தில் எவரும் குற்றம் காண முடியாது. மிகக் குறைந்த செலவில், தனியாக ஒரு விசைப்பொறி கூட இல்லாமல், வேலை முடிந்ததும் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் அந்த யுக்தியை இன்று ஒரு கண்காட்சியில் வைத்தால் அதற்கே முதற்பரிசு கிடைக்கும்.

சோறு மட்டும் சரியாக வரவில்லை. சில சமயம் அரிசியாகவே நின்றது. சில சமயம் குழைந்து போயிற்று. வாய்க்கு ருசியாக அமைந்தது வெகு அபூர்வம். அரிசியின் ரகத்தையும் அதில் விட்ட நீரின் அளவையும் பொறுத்தே பலன் அமைந்ததனால், ஒருநாள் வந்த பக்குவம் மறுநாள் வரவில்லை. இதன் காரணத்தை நம் ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அறுவடையான புதுநெல்லின் அரிசிக்கு ஒரு தண்ணீர், ஒரு வருஷம் கிடந்து பழகிய அரிசிக்கு அதைவிட அதிகத் தண்ணீர், பச்சரிசிக்கு ஒரு நேரம், புழுங்கலுக்கு அதைவிட நீண்ட நேரம். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்ததுமே அவளுடைய விரல்கள் அந்தக் கணக்கைப் போட்டுவிடுகின்றன. அந்தக் கணக்கை அறியாமல், சோறு என்பது அரிசியும் நீரும் சூடும் சேர்ந்த ஒரு சாதாரண விளைவு என்று எண்ணியதனாலேயே அந்தத் தொட்டி தோற்றது. பங்கீட்டில் கிடைத்த அரிசியையே உண்டு காலந்தள்ளிய அந்த நாளில், ஒரு வேளைச் சோறு வீணாவது எந்தக் குடும்பத்துக்கும் தாங்கத்தக்க நஷ்டம் அன்று.

அந்தச் சிறு தொழில் அதனால் அழிந்துவிடவில்லை. வேறு பல பொருள்களைச் செய்து பிழைத்து, 1955-இல் டிரான்சிஸ்டர் ரேடியோவை வெளியிட்டு, 1958-இல் சோனி என்று பெயர் மாற்றிக்கொண்டு, உலகப் பிரசித்தி அடைந்த நிறுவனம் அதுவே. அத்தகைய மேதைகள் கூடிய இடத்திலேயே சோற்றுத்தொட்டி தோற்றது என்பதைத்தான் நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அறிவின் குறைவினால் அது தோற்கவில்லை. அறிவு வேறோரிடத்தில் இருந்தது.

இனி, வெற்றி பெற்ற கதைக்கு வருகிறேன். தோஷிபா நிறுவனத்தில் வியாபாரப் பிரிவைச் சேர்ந்த ஷோகோ யமடா என்பவர், துணி துவைக்கும் இயந்திரத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்று செய்து காட்டி வந்தார். போகும் இடங்களில் கூடிய இல்லத்தரசிகளிடம், வீட்டு வேலைகளில் உங்களுக்கு மிகவும் சிரமமானது எது என்று அவர் விசாரித்தார். துவைப்பதுதான் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அவருடைய சரக்குக்கு அதுவே நல்ல விளம்பரமாக இருந்திருக்கும். அவர்களோ, துவைப்பதைக் காட்டிலும் கொடியது தினமும் மூன்று வேளை அடுப்பில் சோறாக்குவதுதான் என்றார்கள். விடியுமுன் எழுந்து, மண்ணடுப்பில் தீ மூட்டி, கனத்த மரமூடியிட்ட இரும்புப் பானையில் அரிசியை ஏற்றி, முதலில் தீயைத் தணித்தும் பிறகு எழுப்பியும் மீண்டும் அடக்கியும், மூடியைத் திறவாமலே உள்ளே நடப்பதை ஓசையாலும் ஆவியாலும் அறிந்து, அந்த இடத்தை விட்டு அகலாமல் நிற்க வேண்டும். கண் எரிச்சலும் புகையும் ஒருபுறம் இருக்க, அந்த நேரம் முழுதும் வேறொரு காரியத்தில் கவனம் செலுத்த முடியாது என்பதே அவர்களுடைய உண்மையான முறையீடு.

யமடா கேட்ட கேள்வியின் தன்மையைச் சற்று யோசித்துப் பாருங்கள். மின்சாரத்தில் சோறாக்கும் பாத்திரம் ஒன்று செய்து கொடுத்தால் வாங்குவீர்களா என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால், மரியாதையின் பொருட்டு, வாங்குகிறோம் என்றே பலரும் தலையசைத்திருப்பார்கள். நம் ஊரிலும், வீடு தேடி வந்து ஆசையோடு கேட்கும் பிள்ளையின் மனத்தை நோகடிக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. யமடாவோ பொருளைப் பற்றிக் கேட்காமல் உழைப்பைப் பற்றிக் கேட்டார். இல்லாத ஒரு பொருளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது எவருக்கும் கஷ்டம்; தினமும் தான் படும் பாட்டைப் பற்றிச் சொல்ல எவருக்கும் ஆராய்ச்சி வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடியில் மின்சாரச் சுருள் வைத்த பாத்திரங்கள் ஜப்பானில் அதற்கு முன்பே இருந்தன. அவை விறகையும் புகையையும் நீக்கினவேயொழிய, பக்கத்தில் நின்று காவல் காக்கும் வேலையை நீக்கவில்லை. ஆகவே அவை பரவவில்லை. புகை போக வேண்டும் என்பது பொறியாளர்கள் தாமாக ஊகித்த குறை. காவல் போக வேண்டும் என்பது அந்தப் பெண்கள் வாயால் வந்த குறை. இரண்டுக்கும் இடையில் இருந்த தூரமே ஒரு பெரிய தொழிலின் அஸ்திவாரமாக அமைந்தது.

தோஷிபாவுக்குத் தண்ணீர் சுட வைக்கும் கருவிகளைச் செய்து கொடுத்து வந்த சிறு பட்டறை ஒன்றின் சொந்தக்காரர் யோஷிடடா மினாமி. அவரிடம் இந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. அவருக்கு மின்சாரமும் உலோகமும் தெரியும், சோறாக்கத் தெரியாது. தெரியாது என்பதை உணர்ந்து, தெரிந்தவரிடம் போனார் என்பதே அவருடைய பெருமை. தெரிந்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. குழந்தைகளையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டே, அந்த அம்மையார் நாள் முழுதும் சோறாக்கினார். அடுப்பிலும் ஆக்கினார், கணவர் செய்து கொடுத்த பாத்திரங்களிலும் ஆக்கினார். ஒவ்வொரு முறையும் சூட்டையும் நேரத்தையும் குறித்து வைத்தார். வெந்ததை வாயிலிட்டுப் பார்த்து இது ஆகும், இது ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு நாள் இரு நாள் அன்று, ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. பரிசோதனைச்சாலை என்று தனியாக ஒன்றும் இல்லை. வீடே சாலையாக இருந்தது; வீட்டுக்காரியே ஆராய்ச்சியாளராகவும், தீர்ப்புச் சொல்லும் நாவாகவும் இருந்தார்.

அந்த உழைப்பிலிருந்து கிடைத்த முடிவு ஒற்றை வாக்கியத்தில் அடங்கும்: நீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு ஏறத்தாழ இருபது நிமிஷம் அந்தச் சூட்டிலேயே வைத்திருந்தால் அரிசியின் மாவுச்சத்து முழுதும் இளகி, சோறு பக்குவமாகிவிடும், அதற்குக் குறைந்தால் நடுவில் அரிசி நிற்கும், கூடினால் அடி தீயும். ஆனால் அந்த இருபது நிமிஷத்தை ஓர் இயந்திரம் எப்படி அறிந்துகொள்வது? எடுத்த எடுப்பில் கடிகாரத்தை வைத்து அளக்கலாம் என்று தோன்றும். ஆனால் அரிசியின் அளவையும் அறையின் குளிர்ச்சியையும் பொறுத்துக் கொதி வரும் நேரம் மாறிக்கொண்டேயிருக்கும்போது, எதிலிருந்து எண்ணத் தொடங்குவது என்று கடிகாரத்துக்குத் தெரியாது. மினாமி கண்ட வழி மிக அழகானது. அரிசி வைக்கும் உட்பாத்திரத்தை ஒரு வெளிப்பாத்திரத்துக்குள் இறக்கி, இரண்டுக்கும் இடையில் ஒரு குவளை நீரை ஊற்றச் செய்தார். அந்த நீர் கொதித்து ஆவியாகித் தீர்வதற்கு ஏறத்தாழ இருபது நிமிஷம் பிடிக்கும். நீர் இருக்கும் வரையில் வெளிப்பாத்திரம் நூறு பாகைக்கு மேல் சூடாக முடியாது. நீர் தீர்ந்த உடனே சூடு சரேலென்று ஏறும். ஏறியதும், இருவகை உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சிறு தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அடுப்பின் அருகே நின்று அந்தப் பெண்கள் செய்து வந்த காவலை ஒரு குவளைத் தண்ணீர் ஏற்றுக்கொண்டது. கடையில் வாங்கும் எந்த நுண்கருவியையும் நம்பாமல், சமையலறையிலேயே எப்போதும் இருக்கும் ஒரு பொருளைக் காலம் அளக்கும் கருவியாக ஆக்கிய இந்த யுக்தியை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆனந்தம் உண்டாகிறது.

அதோடும் முடியவில்லை. கடுங்குளிரில் வெளிப்புறம் குளிர்ந்துபோகவே, உள்ளே சூடு போதாமல் சோறு வேகவில்லை. ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோவில் குளிர்காலத்தில் சமைப்பவளும் இந்தப் பாத்திரத்தை வாங்கப் போகிறவள்தானே? ஆகவே, பாத்திரங்களைச் சுற்றி இன்னொரு கூடு அமைத்து, இடையில் காற்றுப் படலம் நிற்கும்படி செய்து சூட்டைக் காத்தார்கள். பட்டறையில் சரியாக இயங்குகிறது என்று திருப்தி அடைந்து நிறுத்தியிருந்தால், முதல் குளிர்காலத்திலேயே அந்தப் பொருளின் பெயர் கெட்டிருக்கும். உங்கள் கருவியை நீங்கள் சோதிப்பது கோவையின் இதமான காலை வேளையில். அதை வாங்குகிறவள் உதகையில் இருக்கலாம், அங்கே நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். ராமநாதபுரத்தில் இருக்கலாம், அங்கே நீரின் உப்பு உங்கள் சுருளின் மேல் படியும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் சிற்றூரில் இருக்கலாம், அங்கே விளக்கு மங்கும் மாலை வேளையில்தான் அவள் சமைப்பாள். அவளுடைய நல்ல நாளில் உழைக்கும் கருவி அவளுக்கு வேண்டியதில்லை. விருந்தாளி வந்து, மின்சாரம் தடுமாறி, குழந்தை அழும் நாளில் உழைப்பதே அவளுக்குக் கருவி.

1955-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி அந்தக் குக்கர் 3,200 யென் விலையில் வெளிவந்தது. அன்றைய மாதச் சம்பளங்களோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை அன்று. பொருள் சரியாக அமைந்துவிட்டது என்பதற்காக ஜனங்கள் ஓடிவந்து வாங்கிவிடவும் இல்லை. கடைக்காரர்கள் தயங்கினார்கள். சோறாகும் நேரத்தில் தூங்க விரும்புகிறவள் நல்ல குடும்ப ஸ்திரீயா என்று கேட்ட ஆண்களும் அந்நாளில் இருந்தார்கள். புகையில் ஒரு நாளும் நின்றறியாதவர்களே இத்தகைய நியாயம் பேசுவது எந்தத் தேசத்திலும் வழக்கம். யமடா கடைகளை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. கிராமங்களுக்குக் குக்கரை எடுத்துச் சென்று, கூடியிருப்போர் முன்னிலையில் சோறாக்கி, அவர்களையே உண்டு பார்க்கச் செய்தார். மின்சாரம் விற்கும் கம்பெனிகளின் மூலமாகவும் விற்க ஏற்பாடு செய்தார். குக்கர் பரவினால் மின்சாரச் செலவு கூடும் என்பதனால் அவர்களுக்கும் அதில் லாபம் இருந்தது. விரும்பிய நேரத்தில் தானே இயங்கத் தொடங்கும்படி ஒரு நேரவிசையும் அதனோடு சேர்ந்து வந்தது. இரவில் அரிசியைக் களைந்து வைத்துவிட்டால், விடிந்து எழும்போது சோறு ஆகியிருக்கும். அந்த ஒரு மணி நேர உறக்கம்தான் உண்மையில் விற்கப்பட்ட சரக்கு என்று நான் நினைக்கிறேன். நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஜப்பானில் ஏறத்தாழப் பாதி வீடுகளில் மின்சாரக் குக்கர் வந்துவிட்டது.

ஜப்பானில் வெற்றி பெற்றதை அப்படியே பிற நாடுகளுக்குக் கொண்டுபோனபோது என்ன நேர்ந்தது என்பதும் நீங்கள் அறியத்தக்கது. மட்சுஷிடா என்ற மற்றொரு ஜப்பானிய நிறுவனத்தின் குக்கரை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாங்காங்கில் விற்க முன்வந்த வில்லியம் மோங் என்பவர், அங்குள்ளவர்கள் சோறு வேகும்போதே அதன் மேல் இறைச்சித் துண்டங்களை வைத்து ஆவியில் வேகவைக்கும் வழக்கமுடையவர்கள் என்பதையும், எந்த நொடியில் வைப்பது என்று பார்த்துத்தான் வைப்பார்கள் என்பதையும் அறிந்தவர். மூடியைத் திறவாமல் பார்க்கும்படி அதில் ஒரு சிறு கண்ணாடி வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கினார். ஈரானியருக்கோ, பானையின் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் மொறுமொறுப்பான சோற்றுப் படலமே விருந்தின் சிறப்பான பகுதி. தஹ்திக் என்று அதற்குப் பெயர். அடிப்பிடித்தல் ஆகவே ஆகாது என்று ஜப்பானியப் பொறியாளர்கள் அரும்பாடுபட்டு நீக்கியதை, ஈரானிய வீடுகளுக்கு என்று செய்யப்படும் குக்கர்கள் அரும்பாடுபட்டு வரவழைத்துக் கொடுக்கின்றன. ஒரு வீட்டில் குற்றமாக இருப்பது மற்றொரு வீட்டில் குணமாக இருக்கும்போது, வாடிக்கையாளர் என்று பொதுவாக ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு பொருள் செய்வது எவ்வளவு பேதைமை!

நம் நாட்டில் இதே கதை இன்னும் முடியவில்லை. ஜப்பானியக் குக்கர் நீரைச் சோற்றுக்குள்ளேயே வற்றச் செய்வது. நம் கிராமத்து வீடுகளில் சோறு என்றால் வடித்த சோறு. புழுங்கலரிசியைத் தாராளமான நீரில் கொதிக்கவிட்டு, பதம் பார்த்து, கஞ்சியை வடித்துவிட்டு, பருக்கை பருக்கையாக உதிரும்படி எடுப்பது. வடித்த கஞ்சியை உப்பிட்டுக் குடிப்பது, மாட்டுக்கு வைப்பது, பருத்திப் புடவைக்குப் போடுவது. மீந்த சோற்றில் இரவு நீரூற்றி மறுநாள் காலையில் பழைய சோறாக உண்பது. பிரஷர் குக்கர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அதில் ஆனது சோறு அல்ல என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பழமையில் ஊறியவர்கள் என்று நீங்கள் ஒதுக்கிவிடலாம். அல்லது, கொதிக்கும் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொள்ளாத பெண்ணே நம் நாட்டில் இல்லையே, இதற்கு ஒரு வழி செய்யலாகாதா என்று யோசிக்கலாம். நான் பார்த்த கண்காட்சி ஒன்றிலும் இதற்கு ஒரு மாதிரியைக் காணவில்லை.

நம்மவர் செய்து காட்டியதும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. தோஷிபாவின் குக்கர் வந்த அதே 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பி. சபாபதி மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கியதாக அறிகிறோம். ஆட்டுக்கல்லில் உரல் அசையாமல் கிடக்க, உட்கார்ந்து கையால் குழவியைச் சுற்றுவார்கள். அந்தக் கை அசைவை அப்படியே ஓர் இயந்திரக் கையைக் கொண்டு செய்விக்க முயன்றிருந்தால் பெரிய சிக்கலில் போய் முடிந்திருக்கும். கிரைண்டரிலோ கல் சுற்றுகிறது, குழவி ஓரிடத்தில் நிற்கிறது. கையின் அசைவு கைவிடப்பட்டது. கல்லோடு கல் உராய்ந்து, சூடேறாமல், உளுந்து பொங்கப் பொங்க அரைபடும் பலன் கைவிடப்படவில்லை. இல்லத்தரசி காப்பாற்ற விரும்பியது எது, விட்டுத் தொலைக்க விரும்பியது எது என்று சரியாகப் பிரித்தறிந்ததில்தான் அந்தப் பொருளின் ஆயுள் இருக்கிறது. பிறகு, கனமான கல்தொட்டியைத் தூக்கி மாவை வழிக்க முடியவில்லை என்ற குறை வந்தபோது சாய்க்கும் கிரைண்டர் வந்தது. வீடுகள் சிறுத்தபோது மேடைமேல் வைக்கும் கிரைண்டர் வந்தது. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். நீங்கள் தொழில் தொடங்கியிருக்கும் அந்தத் தெருக்களிலேயே இந்தக் கல்வி கிடைக்கிறது. அதைத் தேடி வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் போக வேண்டியதில்லை.

மிக்ஸியின் கதையும் இதற்குச் சமீபமானதே. 1960-களில் பம்பாயில் எஸ். பி. மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் இருந்த ஜெர்மானிய மிக்ஸி, நம் நாட்டுச் சமையலின் அரைப்புக்குத் தாங்காமல் பழுதாயிற்று. அவருடைய மனைவியார் மாதுரி கேட்டதன் பேரில், நம் அரைப்புக்குத் தாங்கும் வலிய மோட்டாரோடு அவர் செய்ததே சுமீத் மிக்ஸி. ஐரோப்பியக் கருவியில் குற்றம் இல்லை. அது அரைக்க ஏற்பட்ட வஸ்துக்கள் வேறு.

இவ்வளவும் சொன்னபின், நீங்கள் நாளைக் காலையில் செய்யத்தக்கது என்ன என்று கேட்பீர்கள். முதலில் வினாத்தாள்களை மூட்டை கட்டி வையுங்கள். உங்கள் தாயின் சமையலறை போதாது. உங்கள்மேல் உள்ள பிரியத்தினால் அவர் குற்றம் சொல்ல மாட்டார். உங்களுக்கு முன்பின் தெரியாத, ஆனால் உங்களை வீட்டுக்குள் அனுமதிக்க இசையும் சில குடும்பங்களைத் தேடி, அடுப்படியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, விடியற்காலை முதல் பாத்திரம் கழுவி முடிக்கும் வரை வாய் திறவாமல் பாருங்கள். ஒரு வேலையை எத்தனை நேரம் செய்கிறார்கள் என்பதோடு, எந்த இடத்தில் பெருமூச்சு விடுகிறார்கள், எதைத் தள்ளிப் போடுகிறார்கள், எதை மகளிடமோ வேலைக்கு வரும் அம்மாவிடமோ ஒப்படைத்துவிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அளவு பார்ப்பதற்கு அவர்கள் எடுப்பது உங்கள் மில்லிலிட்டர் குவளையை அன்று, வீட்டிலிருக்கும் டம்ளரை அல்லது ஆழாக்கை. தண்ணீரின் மட்டம் பார்ப்பது விரற்கணுவால். உங்கள் கருவி அந்த டம்ளரோடும் அந்த விரலோடும் ஒத்துப்போக வேண்டும்.

மாதிரி தயாரானதும், அதை இயக்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிடாதீர்கள். அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் நிற்கும்போது இயக்குவது உங்களுக்கு மரியாதை. நீங்கள் போன பிறகு இயக்குவதே கருவிக்கு மரியாதை. ஒரு மாதம் கழித்துப் போய், அது எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் சந்தோஷப்படுங்கள். துடைத்து, உறையிட்டு, அலமாரியின் மேல் இருந்தால், அவர்கள் சொல்லும் புகழ்ச்சி எதையும் நம்பாமல், ஏன் ஏறிற்று என்று பரிவோடு கேளுங்கள். பெரும்பாலும் கழுவுவதே காரணமாக இருக்கும். வேலையில் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தி, கழுவுவதற்கு அதே அரைமணி நேரத்தைக் கேட்கும் கருவியால் எவருக்கும் லாபம் இல்லை. அதன் மூலைமுடுக்குகளில் சிக்கிய மாவைக் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டியிருந்தால் இரண்டாம் முறை எவரும் தொடமாட்டார்கள். அடுத்த காரணம் பழுது. தெருமுனையில் இருக்கும் எலெக்ட்ரீசியன் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய முடியாத கருவியைச் சிற்றூரில் விற்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு பொருள் வேண்டும் என்பதற்கு வாய்ச்சொல் சாட்சியாகாது, பணமே சாட்சி. ஆகையால் மாதிரியைக் கூடச் சிறிய தொகை ஒன்று பெற்றுக்கொண்டே கொடுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்லுங்கள். திருப்பிக் கேட்கிறவர்களிடமிருந்தே நீங்கள் மிகுதியாகக் கற்பீர்கள். கைப்பேசியோடு இணைப்பது, குரலுக்குக் கட்டுப்படுவது போன்ற அலங்காரங்களைச் சேர்த்து விலையை ஏற்றுவதற்கு முன், அந்த அலங்காரம் இல்லாத மாதிரியை இன்னொரு வீட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி உபயோகிக்கப்பட்டால் அலங்காரத்தைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். உங்களுக்கு மூலதனம் கொடுக்க வருபவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு முறை கொடுப்பவர்கள், சமைப்பவள் மாதந்தோறும் பத்துப் பேரிடம் உங்கள் பொருளைப் பற்றிப் பேசப்போகிறவள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஃபுமிகோ அம்மையார் ஆண்டுக்கணக்கில் செய்த வேலைக்கு, ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் எவரேனும் செய்திருந்தால் சம்பளமும் பதவியும் கிடைத்திருக்கும். உங்கள் மாதிரிகளைத் தம் அடுப்படியில் வைத்துச் சோதித்துத் தரும் பெண்மணிகளின் நேரமும் தீர்ப்பும் அத்தகைய வேலையே. அவர்கள் உதவி செய்தார்கள் என்று மேடையில் நன்றி கூறி, ஒரு புடவையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மோட்டாருக்கும் தகட்டுக்கும் செலவு எழுதும் அதே ஏட்டில், முதல் மாதத்திலிருந்தே, அவர்கள் ஒவ்வொருவருடைய பெயரையும் எழுதி, மணிக்கணக்குப் போட்டு, உங்கள் பட்டறையில் ஒரு தேர்ந்த பிட்டருக்கு என்ன கூலி கொடுப்பீர்களோ அந்தக் கூலியைக் கொடுங்கள். கொடுக்க மூலதனம் போதாது என்றால், கைப்பேசி இணைப்புக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

உங்கள் முயற்சிகள் வெற்றி பெற வேண்டும் என்று மனமார விரும்பும்,

உங்கள் நண்பன்